யாருக்கு, எப்போது, எதோடு

உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் வருவதற்குள் கேட்டுவிடுவார்: "சார், எந்த வைட்டமின் மாத்திரை நல்லது?" நான் "யாருக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிடும். இவ்வளவு படித்தவர் ஒரு பெயரைச் சொல்லக் கூடாதா என்ற முகம். என்னிடம் இருக்கும் சரக்கு அந்தக் கேள்வி ஒன்றுதான். வேலை பார்த்த காலமெல்லாம் ஃபோலேட் என்கிற ஒற்றைப் பொருளோடு மல்லுக்கட்டினேன். கீரையிலும் பயறிலும் ஈரலிலும் இருக்கிற, பி வரிசையில் 9 என்ற எண் பெற்ற வைட்டமின். அது நல்ல பொருளா என்றால், அது உயிர் காத்த கதையும் தெரியும், புற்றுக்குத் தீனி போட்ட கதையும் தெரியும்.

கட்டடம் கட்டும் இடத்தில் சித்தாள் செய்கிற வேலைதான் உடம்பில் அதற்கு. ஒரே ஒரு கார்பன் அணுவைத் தூக்கிக்கொண்டு போய், டிஎன்ஏ கட்டுகிற இடத்தில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி அடுத்ததை எடுக்கும். சித்தாள் வராத அன்று கொத்தனார் கரண்டியோடு சும்மா உட்கார வேண்டியதுதான். செல்கள் வேகமாகப் பெருகும் இடங்களில்தான் இந்தத் தேக்கம் முதலில் தெரியும். எலும்பு மஜ்ஜை, குடலின் உள்சுவர், வயிற்றில் வளரும் கரு. மஜ்ஜையில் செல் பெருத்துக்கொண்டே போகும், பிரிய முடியாது. அப்படிப் பெருத்த, முதிராத சிவப்பணுக்களோடு வருகிற ரத்தசோகைதான் ஃபோலேட் குறைவின் முத்திரை.

இதை நாங்கள் அளந்த விதம் வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கும். லாக்டோபேசில்லஸ் கேசி என்று ஒரு பாக்டீரியா. ஃபோலேட் இல்லாவிட்டால் அது வளராது. அதற்கு வேண்டிய மற்ற சத்துகள் எல்லாம் உள்ள கரைசலில் நோயாளியின் ரத்தச் சீரத்தைத் துளி விட்டு, பாக்டீரியாவைச் சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்போம். காலையில் குழாய் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ அவ்வளவு ஃபோலேட். வெளிச்சம் பட்டால் அது சிதையும் என்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மங்கலில் வேலை. காற்று பட்டாலும் சிதையும். அதற்கு வைட்டமின் சி-யைக் காவலுக்குச் சேர்ப்போம். கீரை, பருப்பில் இருக்கும் ஃபோலேட்டுக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. வாலைக் கத்தரித்தால்தான் அளக்க முடியும். கத்தரிக்கும் என்சைம் கோழியின் கணையத்தில் இருக்கிறது. கறிக்கடையில் போய், "கறி வேண்டாம், கணையத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்கிறவனைக் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் பயந்தது ஒன்றுக்குத்தான். சீரம் சேர்க்காமல் ஒப்பீட்டுக்கு வைக்கும் 'பிளாங்க்' குழாய் கலங்கிவிடக் கூடாது. கலங்கினால் அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு. நாங்கள் அளந்தது நானோகிராம் கணக்கில். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் வருகிற பங்கு. கழுவாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய கறை அதைவிடப் பெரிது. அதனால் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, அலசி, சூட்டடுப்பில் சுட்டு எடுத்துவைத்த அம்மாள்தான் எங்கள் ஆய்வகத்தின் உண்மையான தலைவர். ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் லீவு போட்டால் பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

இந்தப் பொருள் தன்னை முதலில் காட்டிக்கொடுத்தது நம் நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் பெருத்த சிவப்பணுக்கள். அப்போது மேல்நாட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகை போலவே இருந்தது. இரண்டு வருஷம் முன்புதான், 1926இல், பாஸ்டனில் மினோவும் மர்ஃபியும் ஈரலைச் சாப்பிடக் கொடுத்தே அந்த நோயாளிகளைப் பிழைக்கவைத்திருந்தார்கள். வேறொருவராக இருந்தால் இதுவும் அதுதான் என்று கோப்பை மூடியிருப்பார்.

வில்ஸ் இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். வசதியுள்ளவர்களின் சாப்பாட்டையும் இவர்கள் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த ஏழைச் சாப்பாட்டையே குரங்குகளுக்குக் கொடுத்து, அவற்றுக்கும் ரத்தசோகை வருகிறதா என்று சோதித்தார். வந்தது. 1929 வெயில் காலத்தில் வேலையைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். 1931 தொடக்கத்தில் சென்னையில், நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் இருந்தார். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டைக் காய்ச்சி எடுத்த மார்மைட் என்ற கறுப்புக் களிம்பு, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பது, அதைக் குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார். தேறியது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். ஈரலைவிட மலிவு, அவர்களும் தேறினார்கள். அந்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவர் பின்னால் செய்தது. சுத்திகரித்த ஈரல் சாறு பெர்னீஷியஸ் அனீமியாவைக் குணமாக்கும். அதே சாறு இந்தப் பெண்களை எழுப்பவில்லை. சுத்திகரிக்காத ஈரலும் மார்மைட்டும் எழுப்பின. சுத்தம் செய்யச் செய்ய, இவர்களுக்கு வேண்டியது எதுவோ அது கழிவோடு போய்விட்டது. ஒரே முகம் கொண்ட இரண்டு நோய், ஒன்றின் மருந்து மற்றதற்கு ஆகாது. இதைக் கண்டுபிடிக்க வில்ஸிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. எந்த நோயாளி என்று விடாமல் கேட்கிற பிடிவாதம் இருந்தது. அவர் கண்ட அந்தப் பெயரில்லாத பொருளை வெகுநாள் 'வில்ஸ் காரணி' என்றே சொன்னார்கள். 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள்.

செய்து முடித்ததும் வந்தது வினை. பெருத்த சிவப்பணு என்றால் ஃபோலிக் அமிலம் என்று பெர்னீஷியஸ் அனீமியாக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். ரத்தம் அழகாகத் தேறியது. எல்லோருக்கும் சந்தோஷம். சில மாதத்தில் சிலருக்குக் கால் மரத்தது, நடை தடுமாறியது. முதுகுத்தண்டில் நரம்பு அழிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர்களிடம் குறைந்தது பி12. அது தனியாகப் பிரிக்கப்பட்டதே 1948இல்தான். சித்தாள் கணக்கில் சொன்னால், ஒருவகைச் செங்கல்லை ஃபோலேட்டிடமிருந்து வாங்கிக்கொள்ள பி12 நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் சித்தாள் தலைச்சுமையை இறக்க வழியில்லாமல் நின்றுவிடுவார். ஃபோலிக் அமிலத்தை அள்ளிக் கொடுத்தால் புதுச் சித்தாட்கள் வந்து ரத்தத்தின் வேலையை ஒப்பேற்றிவிடுவார்கள். நரம்பின் வேலை அப்படியே கிடக்கும்.

நம் ஊரில் சைவக் குடும்பங்களில் இதை நிறையப் பார்க்கலாம். காய், கீரை, பருப்பு எதிலும் பி12 இல்லை. பாலும் தயிரும்தான் கதி. "செருப்பு காலை விட்டுக் கழன்று போறதே தெரிய மாட்டேங்குது" என்பார்கள். ஹீமோகுளோபின் ரிப்போர்ட் நன்றாக இருக்கும். சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். குடும்பங்களிலும் இதே கூத்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கடனில் மாட்டிய பிள்ளைக்கு அப்பா ஒவ்வொரு தடவையும் பணம் கட்டுவார். வாசலில் வந்து நிற்கிற கடன்காரன் போய்விடுவான், வீட்டுக்குள் என்ன கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியாமலே போகும்.

கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் கடைசியில் வருவது என்பதைத் தன் உடம்பிலேயே காட்டியவர் விக்டர் ஹெர்பர்ட். அப்போது பாஸ்டனில் வேலை பார்த்தவர். 1961இல், ஃபோலேட் இல்லாத சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டால் ஒரு மனிதனுக்கு எத்தனை நாளில் ரத்தசோகை வரும் என்று தெரிந்துகொள்ள, எல்லாவற்றையும் மூன்று தடவை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மிச்சத்தைத் தின்றார். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே என்று நம் பாட்டிமார் சொன்னதைத் தலைகீழாகச் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வாரமே சீரத்தில் ஃபோலேட் சரிந்தது. ஏழாவது வாரத்தில் வெள்ளணுக்களின் உட்கரு மாறியது. நான்காவது மாதத்தில் தூக்கம் கெட்டது, மறதி வந்தது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். ரத்தசோகை என்று சொல்லக்கூடியது நாலரை மாதம் கழித்துத்தான் வந்தது. பி12 அப்படியல்ல. ஈரலில் வருஷக்கணக்கில் சேமிப்பு இருக்கும். சிலருடைய பொறுமை வருஷக்கணக்கில் தாங்கும், சிலருடையது நாலு மாதம்தான். வீட்டிலும் அலுவலகத்திலும் யார் எந்த ரகம் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

லெடர்லியில் அந்த ஃபோலிக் அமில வேலையை நடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று நம் ஊரில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். அவருக்கும் அந்த நோய் வந்து, சென்னையில் ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி பார்த்துத் தேறினார். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை அறைக்குப் போனதில் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டும் வாங்கினார். 1923இல் பாஸ்டன். அங்கே பிழைப்புக்கு ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் எடுபிடி வேலை. இரண்டே வருஷத்தில் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கொடுத்தார். நம் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அந்த நீல நிறம் நினைவிருக்கும். மாலிப்டேட்டைச் சேர்த்து, வினைப்பொருளை விட்டு, குழாய் நீலமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஃபிஸ்கே-சுப்பாராவ் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு, அந்தச் சுப்பாராவ் யார் என்று கேட்காமலே பாஸானவர்கள்தான் அதிகம். பின்னாளில் ஃபோலிக் அமிலமே வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு மருந்தானது. அது கிடைத்தபோது அந்தச் சகோதரர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் இருந்தார். அப்போது ரத்தப்புற்று வந்த குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்துவிடும். ஃபோலிக் அமிலம் பெருத்த செல்களைச் சரிசெய்கிறதே, இந்தக் கெட்ட செல்களையும் சரிசெய்யாதா என்று, லெடர்லி கொடுத்த ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் பிடித்தது. பம்பாயில் தாய்மாரைக் காப்பாற்றிய அதே பொருள் இங்கே புற்றுக்குச் சோறு போட்டது.

இந்த இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஃபோலேட் கெட்டது என்று சொல்லிவிட்டு ஒதுங்கலாம். ஃபார்பர் அதை வேறுவிதமாகப் படித்தார்: சேர்த்தால் வேகம் பிடிக்கிறது என்றால், தடுத்தால் நிற்குமே. சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் வேலை செய்யாத அமினாப்டெரினைச் செய்து கொடுத்தார்கள். 1948 ஜூனில் ஃபார்பர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேர் தற்காலிகமாகத் தேறினார்கள் என்று இருந்தது. 'தற்காலிகமாக' என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் குழந்தைகளின் ரத்தப்புற்றை ஒரு மருந்து பின்வாங்கவைக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தக் கட்டுரை வந்த இரண்டு மாதத்தில் சுப்பாராவ் தூக்கத்தில் இறந்துபோனார். 53 வயது. அமினாப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுக்கும், முடக்குவாதத்துக்கும் முதல் வரிசை மருந்து. முடக்குவாதக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு நாள் ஃபோலிக் அமிலம் சாப்பிடுவார்கள். தடுப்பானும் தடுக்கப்படுவதும் ஒரே டப்பாவில், வேறு வேறு கிழமையில். தினமும் சாப்பிட வேண்டியது என்று நினைத்து மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. கிழமையைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

மாணவர்களைப் பாராட்டுவதில்கூட நான் இதைத்தான் பார்ப்பேன். ஒரே பாராட்டு ஒருவனைத் தூக்கிவிடும், இன்னொருவனைத் தூங்கவைத்துவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் நியாயம் என்று சொல்கிற ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலத்து லெடர்லி புட்டிதான் நினைவுக்கு வரும்.

1990களில் ஹோமோசிஸ்டீன் என்று ஒரு அலை அடித்தது. ரத்தத்தில் அது கூடினால் மாரடைப்பு வருகிறது, ஃபோலேட்டும் பி6உம் பி12உம் கொடுத்தால் அது குறைகிறது, ஆக மாரடைப்பும் குறையும். கணக்கு சுத்தமாக இருந்தது. 2006இல் நார்விட், ஹோப்-2 என்ற இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது. மாரடைப்பு குறையவில்லை. அவ்வளவுதான், மாநாடுகளில் கூட்டம் பாதியானது.

அதே ஃபோலேட் ஒரு இடத்தில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஜெயித்தது. கருவில் மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போகிற நரம்புக் குழாய் 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகில் திறப்போடு குழந்தை பிறக்கும், அல்லது மண்டையோடே உருவாகாது. ஸ்மித்தெல்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1960களிலிருந்தே இதற்கும் ஃபோலேட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லிவந்தார். நம்பியவர்கள் குறைவு. பிறகு, முன்பே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற 1817 பெண்களை 7 நாடுகளில் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 27 கருக்களில் குறை வந்தது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட பாதியில் 6, சாப்பிடாத பாதியில் 21. இதற்கு மேல் ஒரு பாதிப் பேருக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று 1991இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

சிக்கல் அந்த 28 நாளில்தான் இருக்கிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பெண் கவனிப்பதற்குள் குழாய் மூடும் நேரம் வந்துவிடும். டாக்டரிடம் போய், சிவப்பு மாத்திரை கைக்கு வரும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த அந்த மாத்திரை ரத்தத்துக்கு அவசியம், குழாய்க்குத் தாமதம். அதனால்தான் அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே கலக்கிறார்கள். நம் ரேஷன் கடைச் செறிவூட்டிய அரிசியில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்தே கலந்தார்கள். பி12ஐயும் சேர்க்கத் தோன்றியவருக்கு ஒரு கும்பிடு. அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நம் வீடுகளில் இதைப் பேச ஏது இடம்? கல்யாணமான மறுமாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஊரே வரும். விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கம்மா என்று சொல்ல ஆள் கிடையாது. என் தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தம்பி மனைவியிடம் நாசூக்காக எடுத்துச் சொன்னேன். "என்ன மாமா, தாலியே ஏறலை, அதுக்குள்ள மாத்திரையா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"பெரியப்பா, அம்மா சொன்னாங்க. இதை நானும் அவரும் பேசி முடிவு பண்ணிக்கிறோம். நீங்க அம்மாகிட்ட இனிமே எடுக்காதீங்க, ப்ளீஸ்."

"சரிம்மா."

"எப்ப ஆரம்பிக்கணும்?"

"குழந்தை வேணும்னு முடிவு பண்ணினா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்து. முதல் மூணு மாசம் முடியற வரைக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள். "நம்ம வீட்டுல முட்டைகூடத் தொடறதில்லையே. இதை மட்டும் போட்டா போதுமா, இல்ல முதல்ல பி12 பார்த்துடட்டுமா?"

போன வாரம் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஃபோலேட் சரியாக இருந்தது. ஹீமோகுளோபினும் பழுதில்லை. பி12 இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஊசி போட ஆரம்பித்திருக்கிறாள். கையோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கவைத்திருக்கிறாள்.